விளக்கின் மாத்திரை

கண்ணுக்குப் புலனாகாத சிறு குறையும், இருவர் உரையாடும் வாயிலிற் புகுமாயின் பெருந்துயர் விளைத்துவிடும். இவ்வுண்மையைச் சென்ற கோடை விடுமுறையிலே, பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தில், என் சிற்றன்னையார் இல்லத்தில் யான் கண்டறிந்தேன்.

என் சிற்றன்னையார் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர். கையசைவும் முகக்குறிப்புமே அவர்க்கு மொழி, தையற்றொழிலே வாழ்வு. அவர்தம் மகளார் சவூதி அரேபியாவின் ரியாத் நகரிலே செவிலியாய்ப் பணிபுரிகின்றார். அவர் ஒரே வகையான வெப்கேமரா இரண்டு வாங்கி, ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றைத் தம் அன்னையின் பழைய கணினியிற் பொருத்திச் சென்றிருந்தார். ஞாயிறுதோறும் மாலை ஆராதனை முடிந்து வந்தபின் தாயும் மகளும் அதன் வழியே உரையாடுவர்.

அங்கிருந்து வரும் உருவம் தெளிவாயிருந்தது. இங்கிருந்து செல்லும் உருவத்திலோ கருநிழற் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓயாது ஊர்ந்தன. அவை கைகளின்மேற் படருங்கால் விரல்கள் துடிப்பனபோலத் தோன்றின. ஒரு ஞாயிறன்று என் தமக்கையார், “அம்மா, உன் கை ஏன் நடுங்குகின்றது? நோயை மறைக்கின்றாயா?” என்று கைக்குறியால் வினவினார். சிற்றன்னையார் இல்லையென்றார், ஊசியில் நூல் கோத்தும் காட்டினார். பட்டைகளினூடே நூல் புலப்படவில்லை. மகளார் நம்பாது, பணியை விட்டு ஊர் திரும்புவதாகவே கூறிவிட்டார். சிற்றன்னையார் தம் கைகளை மடிமேல் வைத்துக்கொண்டார். அவர் அங்ஙனம் செய்தல் நாம் வாய்மூடி இருத்தலை ஒக்கும்.

மறுநாட் பகலில் அக்கேமராவைச் சாளரத்தருகே வைத்துப் பார்த்தேன். பட்டை ஒன்றேனும் இல்லை. இரவிலே, பழைய சோக் பூட்டிய டியூப்லைட்டின் கீழ் வைத்தபோது அவை மீண்டன. எனவே குறை கையிலன்று, விளக்குக்கும் கேமராவுக்கும் இடையில் உள்ளது என்று துணிந்தேன். விடுமுறைக்கு என்னுடன் வந்திருந்த கணினித்துறை நண்பர் அதன் காரணத்தை விளக்கினார்.

நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பிலே, லோயர் கேம்பிற் பெரியாற்று நீர் சுழற்றும் பொறிகளும் அவ்வளவுக்கே இசைந்து மின்சாரம் தருகின்றன. 2013 டிசம்பர் 31 முதல் தென்னாட்டு மின்வலை வடநாட்டோடு இணைந்தமையால், இந்தியப் பெருவலை முழுதும் ஒரே துடிப்புடையதாயிற்று. ஒரு சுழற்சிக்கு இருமுறை ஒளி மிகுந்து குறைதலால், அவ்விளக்கு விநாடிக்கு 100 முறை இமைக்கின்றது. சவூதி அரேபியாவிலோ மின்னோட்டம் 60 சுழற்சி. விளக்கு இமைப்பது 120 முறை. ஜப்பானிலோ கீழ்ப்பகுதி 50, மேற்பகுதி 60 என ஒரே நாட்டில் இரண்டும் வழங்குகின்றன.

கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் மாத்திரை என அளந்தனர் நம் இலக்கண நூலார். ஒரு கண்ணிமைப்பொழுதிற்குள் விளக்கு பன்முறை இமைத்துவிடுதலின் நாம் அதனை உணர்கின்றிலோம். கேமராவோ உருவத்தை வரிவரியாகப் பதிவது. ஒவ்வொரு வரியும் ஒளியேற்கும் நேரம் விநாடியில் நூற்றிலொரு பங்காகவோ, அதன் மடங்காகவோ அமையின், எல்லா வரிகளும் முழுத்துடிப்புக்களையே பெற்றுச் சமவொளி எய்தும். நூற்றிருபதிலொரு பங்கின் மடங்காய் அமைந்து 100 துடிப்புள்ள விளக்கின்கீழ் இயங்கின், சில வரி மிகுதியும் சில வரி குறையும் பெறும்; தளை தட்டிய செய்யுள்போல உருவம் குலையும்.

எங்கள் கணினி லினக்ஸில் இயங்குவது. கேமராவின் டிரைவரில் 50, 60 என்னும் தேர்வுகள் இருந்தன. ஐம்பதைத் தேர்ந்தும் பயன் விளையவில்லை. லினக்ஸின் மூலநிரல் எவரும் படித்தற்குரியதாதலின், இருவரும் மூன்றிரவு அமர்ந்து அதனைப் படித்தோம். நிரன்மொழி யான் அறியேன். ஆயினும் சொற்கிடக்கை முறையை நோக்குதல் தமிழ் மாணவனுக்குப் பழக்கமன்றோ? “இவ்வரி முன்னோ, அவ்வரி முன்னோ?” என்று யான் மீண்டும் மீண்டும் வினவினேன். மூன்றாம் இரவிலே நண்பர் வியந்து நிமிர்ந்தார். ஐம்பதென்னும் கட்டளை முதலிற் செல்ல, அதன்பின் கேமராவைத் தொடங்கும் தொடக்க அட்டவணை சென்று, அதனுள்ளிருந்த அறுபதை அதன்மேல் எழுதிவிட்டது. கட்டளை பிழையன்று; அது நின்ற இடமே பிழை. பின் வரவேண்டியது முன் வந்த பொருள்கோட் குற்றம் அது.

நண்பர் அவ்வொரு வரியை அட்டவணைக்குப் பின்னே மாற்றி வைத்து, டிரைவரை மீண்டும் தொகுத்தார். பட்டைகள் மறைந்தன. அத்திருத்தத்தை, அந்நிரலைப் பேணுவோர்க்கும் காரணம் எழுதி அனுப்பினோம். 50 சுழற்சி வழங்கும் ஊர்களில் இத்தகைய கேமராவின் முன் அமர்வோர் பிறரும் இருப்பரன்றோ?

அடுத்த ஞாயிறு மாலை, அதே விளக்கின்கீழ், சிற்றன்னையார் யாதும் உரையாது ஊசியை எடுத்தார், நூலைக் கோத்தார், கேமராவுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். ரியாத்தில் இருந்த மகளார் நெடுநேரம் உற்றுநோக்கினார். பின்பு, “வேலையை விடவில்லை, அம்மா” என்று கையாற் கூறினார். அன்றிரவு இருவரும் பேசி முடிக்க மணி பதினொன்றாயிற்று.