பெரியம்மா மறைத்த ஏழு மாதங்கள்

குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. சென்ற ஆண்டு மீண்டும் உதிரம் கண்டது. இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக வரும். பிறகு சில வாரங்கள் ஒன்றுமிராது. அவர் எவரிடமும் சொல்லவில்லை. இஸ்திஹாளா என்று தாமே முடிவு செய்து, ஒவ்வொரு வக்துக்கும் சுத்தம் செய்து, துணி மாற்றி, உளூச் செய்து தொழுது வந்தார். ஏழு மாதங்கள் கழித்து, கொடியில் காய்ந்த துணிகளைக் கண்டு மருமகள் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஒரு வக்துத் தொழுகையும் விடலையேம்மா, பொறவு என்ன?" என்றார்.

அவருடைய மார்க்க அறிவை நாங்கள் குறை சொல்லவில்லை. ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நிற்காத உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து கேட்டதும், அது மாதவிடாய் அன்று, ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது என அவர்கள் விளக்கியதும் புகாரீயில் பதிவாகியுள்ளன. அந்தப் பதிலைப் பெரியம்மா நினைவில் வைத்திருந்தார். அந்தப் பெண்மணி வாய்திறந்து கேட்டார் என்பதைத்தான் மறந்துவிட்டார். தொழலாமா என்பதை ஆலிமிடம் கேட்கலாம். அந்த உதிரம் ஏன் வருகிறது என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. முதலாவதற்கு விடை கிடைத்ததும் இரண்டாவதும் தீர்ந்ததாக நாமும் எத்தனையோ முறை இருந்துவிடுகிறோம்.

மாதவிடாய் முழுதாக 12 மாதங்கள் இல்லாதிருந்த பின் வரும் உதிரம், ஒரு கறையே ஆயினும், இயல்பானதன்று. பெரும்பாலும் காரணம் எளியதே: ஹார்மோன் குறைந்து உட்தோல் மெலிந்து வறண்டிருக்கும், அல்லது சிறு சதை வளர்ந்திருக்கும். ஆயினும் இவ்வாறு வருவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்கிறது. உடற்பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூடுதல். பெரியம்மாவுக்கு மூன்றும் உண்டு.

தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றோம். முதலில் கருப்பை வாயைப் பார்த்தார். அந்தப் பார்வையையே நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை காடி அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பார்த்ததில், அங்கு வரும் புற்றுநோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அடுத்து உள்வழி ஸ்கேன். உட்படலத்தின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் உதிரம் திரும்ப வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு 13 இருந்தது. மெல்லிய குழாயால் சிறிது திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில நிமிட வேலைதான். அதன் முடிவுக்குக் காத்திருந்த நாள்களே நீளமாயிருந்தன.

புற்றுநோய்தான். தொடக்க நிலை என்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். கருப்பையை அகற்றினார்கள். இப்போது நலமாயிருக்கிறார்.

சென்ற மாதம் கடையநல்லூரிலிருந்து பெரியம்மாவின் தங்கை தாமே போன் செய்தார். "நேத்து துணியில லேசாப் பட்டுச்சு. அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க?" அவருக்கு வெறும் வறட்சிதான், ஒரு களிம்போடு திரும்பினார்.