ஒரு சஹனுக்கு ஆறு பேர்

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில் தென்னக்கும்புர பாலத்தைக் கடந்து வருபவர்களுக்கு இன்று பல்லேகல என்றால் கிரிக்கெட் மைதானம்தான். 2010 டிசம்பரில் அங்கே முதலாவது டெஸ்ட் போட்டி நடந்தது. 2014 ஜனவரியில் கண்டி நகரின் நடுவே இருந்த போகம்பரை சிறைச்சாலையை மூடி இங்கே கொண்டுவந்தார்கள். எனக்கு ஊர் என்பது இவை எதுவுமல்ல. பிரதான வீதியிலிருந்து பள்ளத்தில் இறங்கும் ஓர் ஒழுங்கை, அதன் இருபுறமும் கண்டி டவுனில் புடவைக் கடையும் இரும்புக் கடையும் வைத்திருந்தவர்களின் மாடி வீடுகள், ஒழுங்கை முடியும் இடத்தில் இரண்டு பலா மரங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர்ச் நிலத்தில் தகரக் கூரை போட்ட எங்கள் வீடு. இவ்வளவுதான் என் ஊர்.

நாங்கள் அந்த ஒழுங்கைக்கு உரியவர்கள் அல்லர். எங்கள் வேர் பழைய தெல்தெனியவில் இருந்தது. விக்டோரியா அணைக்கட்டு எழும்பியபோது அந்த நகரம் தண்ணீருக்குள் போனது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. நாட்டிலேயே உயரமான அணை அதுதான். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன. பலர் மகாவலி வலயங்களுக்குப் போனார்கள். வாப்பா அணைக்கட்டு வேலையில் லொறி ஓட்டியவர். தன் வீட்டை மூழ்கடிக்கப்போகும் அணைக்குத் தானே மண் ஏற்றியதாகச் சொல்லிச் சிரிப்பாராம். நஷ்ட ஈட்டுக் காசோடு கடனும் வாங்கி, ஒருவரும் விரும்பாத அந்தப் பள்ளத்து நிலத்தை வாங்கினார். மேலே மாடி வீடுகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. ஆக, பணக்கார ஒழுங்கைக்கு நாங்கள் குடிபோகவில்லை. பணம்தான் எங்களைச் சுற்றிக் குடிவந்தது.

1991இல் வாப்பா மவுத்தானார். எனக்கு ஒன்பது வயது, நானாவுக்குப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு ஒழுங்கையில் இறங்கி வந்தாள். பையனுக்கு ஆறு வயது, இடுப்பில் இருந்த பெண் பிள்ளைக்கு மூன்று. மஹியங்கனைப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்தில் பிறந்தவள். ரந்தெனிகல வேலைக்கு வாப்பா லொறி ஓட்டிய காலத்தில் இஸ்லாத்துக்கு வந்து நிக்காஹ் செய்தவள். உம்மாவுக்கு இதில் எவ்வளவு முன்பே தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூடியிருந்த பெண்கள் வாய் திறக்குமுன் உம்மா அறைக்குள்ளிருந்து சொன்ன வார்த்தை மட்டும் காதில் இருக்கிறது:

“வாசல்ல நிக்க வாணாம் நங்கி. உள்ளுக்கு வாங்க. ஒங்களுக்கும் இத்தாதானே.”

நான்கு மாதமும் பத்து நாளும் இரண்டு பேரும் ஒரே அறையில் இத்தா இருந்தார்கள். முதல் மாதம் அதிகம் பேசவில்லை என்பதும், இரவில் ஒருவர் அழுதால் மற்றவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும். அன்பு முதல் நாளே வந்துவிடவில்லை. இத்தா முடிந்தபோது சின்னும்மா போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் அன்று காலையில் எழுந்து, இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள்.

சின்னும்மா உம்மாவை ‘தாத்தா’ என்று அழைத்தாள். எங்கள் பேச்சில் அது மூத்த சகோதரி. சிங்களத்தில் தகப்பன். அந்தச் சின்னப் பிள்ளைகள் ஆரம்பத்தில் குழம்பிப்போய், இவர்தான் எங்கள் புது வாப்பாவா என்று கேட்டார்களாம். இதைச் சொல்லி இருவரும் வயது போன காலத்திலும் சிரிப்பார்கள். யோசித்தால் பிள்ளைகள் கேட்டதில் பிழையில்லை. வீட்டுக் கணக்கும் கடனும் கண்டிப்பும் உம்மாவின் கையில்தான் இருந்தன.

சுபஹுக்கு முன்பே இடியப்ப உரலின் சத்தம் கேட்கும். மாடி வீடுகளுக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் நால்வரின் வேலை. முன் கேற்றால் போகக்கூடாது; குசினிப் பக்கத்துச் சின்னக் கதவு. நோன்புக் காலத்தில் வட்டலப்பத்துக்கு ஓடர் வரும். முட்டையும் கித்துல் கருப்பட்டியும் அவர்களே தருவார்கள். எத்தனை முட்டை கொடுத்தோம் என்று எண்ணித் தருபவர்களும் இருந்தார்கள், எண்ணாமல் தருபவர்களும் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு மனிதர்களை அளக்க இதைவிட வேறு கோல் தேவையில்லை. ஒரு வீட்டுப் பெண்மணி தன் மகளின் பழைய சட்டையை எனக்குத் தந்தார். நல்ல எண்ணத்தில்தான். அந்த மகள் என் வகுப்பில் இருந்தாள். சட்டையின் கழுத்தில் தன் பெயரின் முதலெழுத்தை ஊசி நூலால் தைத்திருந்ததை அவள் மறக்கவில்லை. அன்றிரவு சின்னும்மா அந்த எழுத்தைப் பிரித்தெடுத்து, அதே நூலால் ஒரு பூ தைத்தாள்.

வறுமையைக் காட்டிலும் எங்களைச் சங்கடப்படுத்தியது பட்டியல்கள்தாம். நோன்பில் பள்ளிவாசலால் அரிசி பங்கிடும்போது குடும்பத்துக்கு ஒரு காட். எங்கள் வீட்டில் ஒரு குடும்பமா, இரண்டா? பெயர் எழுத வந்தவர் நல்ல மனிதர். இரண்டு அடுப்பு என்று சொல்லுங்கள், இரண்டு காட் போடுகிறேன், பாவமில்லை என்றார். உம்மா ஒரே அடுப்பு என்றார். ஆறு பேருக்கு ஒரு பங்கு அரிசி வந்தது. நானாவுக்கு ஆத்திரம். உம்மா சொன்னது இது: “இன்டைக்கி அரிசிக்காக ரெண்டுன்டு எழுதினா, நாளைக்கி எல்லாத்துக்கும் ரெண்டுதான். பொறகு ஒன்டாக்க ஏலுமா?” 1995இல் சமுர்த்தி வந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். அந்தப் பதிலுக்கு நாங்கள் வயிற்றால் விலை கொடுத்தோம். அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பசி பசிதான். ஆனால் என் தம்பியும் தங்கையும் ‘மற்ற குடும்பம்’ என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை என்பதும் உண்மை.

கலியாண வீடுகளில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. நம்மவரின் வழக்கப்படி ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். பணக்காரனும் ஏழையும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டும் என்பதுதானே அதன் அழகு. தம்பிமார் சிறுவர்களாக இருந்தவரை பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். இரண்டு உம்மா, நாலு பிள்ளை, சரியாக ஆறு. விருந்து வீட்டார் எங்களைக் கண்டதும் மூலையில் ஒரு பாயைக் காட்டுவார்கள். பக்கத்தில் ஒருவரைச் சேர்க்க வேண்டிய தேவையே வராது. நெய்ச்சோற்றின் நடுவிலிருந்த இறைச்சியை சின்னும்மா ஆறாகப் பிய்ப்பாள். அவள் பங்கு எப்போதும் எலும்பாகவே இருந்தது. சின்ன வயதில் அந்தப் பாய் எனக்குப் பெருமை. எங்களுக்கென்றே தனிச் சஹன்! எங்களோடு கை நனைக்க ஒருவரும் வரவில்லை என்பது விளங்கியபோது நான் ஓ.எல். வகுப்பில் இருந்தேன். விளங்கிய பிறகும் அந்தச் சோற்றின் ருசி மாறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலத்தில்தான் சட்டங்களை வாசித்தேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, இன்னொரு மணம் முடிக்க விரும்பும் ஆண் காதிக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும். முதல் மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. பதிவுத் தாளில் மணப்பெண் கையொப்பமிட இடமில்லை, வலியே ஒப்பமிடுவார். பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும். சின்னும்மாவின் நிக்காஹ் பதியப்படாத ஒன்று. சட்டத் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதன் மீதான வாதங்களைக் கேட்கும்போதெல்லாம், எந்தத் தாளிலும் தம் கையொப்பம் இல்லாத இரண்டு பெண்கள் ஒரே அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எனக்கு நினைவு வரும். அவர்களின் ஒற்றுமையைக் காட்டி பலதார மணத்துக்கு நியாயம் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த ஒற்றுமை ஏற்பாட்டின் பலனல்ல. ஏற்பாடு கைவிட்ட இடத்தில் அவர்கள் தம் கையால் கட்டிக்கொண்டது.

அதே ஆண்டிலேயே, 2018 மார்ச்சில், திகனையில் எங்கள் சமூகத்தின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. உம்மா அப்போது உயிரோடு இல்லை. மேல் வீடுகளில் விளக்கு அணைந்தது. இரண்டு குடும்பங்கள் இருட்டில் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தன; பள்ளத்தில், பலா மரங்களுக்குப் பின்னால் அது கண்ணுக்குப் படாத வீடு. அவர்கள் குசினிக் கதவால்தான் வந்தார்கள், பயத்தில். சின்னும்மா இரண்டு இரவும் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வந்தால் சிங்களத்தில் பேசத் தான் இருக்கிறேன் என்றாள். யாரும் வரவில்லை. வந்திருந்தால் ஒரு கிழவியின் வார்த்தை எதைத் தடுத்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பாடசாலையில் என் சட்டையைக் காட்டிச் சிரித்தவள், தன் பிள்ளைகளோடு எங்கள் பாயில் படுத்திருந்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம்.

நிலம் இன்னும் பங்கிடப்படவில்லை. வாப்பாவின் பெற்றோர் அவருக்கு முன்பே மவுத்தாகியிருந்ததால் ஷரீஅத்தின் கணக்கு எளிமையானது. பிள்ளைகள் இருக்கும்போது மனைவியருக்கு எட்டிலொன்று. இருவரென்றால் அதையே இருவரும் பகிர வேண்டும். பன்னிரண்டு பேர்ச்சில் ஒன்றரை. ஆளுக்கு முக்கால் பேர்ச், ஏறக்குறைய இருநூறு சதுர அடி. மீதியில் ஆண் மக்களுக்கு மூன்றரை வீதம், பெண் மக்களுக்கு ஒன்றே முக்கால் வீதம். உம்மாவின் முக்கால் பேர்ச் நானாவுக்கும் எனக்கும் சேர வேண்டியது. மைதானம் வந்த பிறகு இங்கே நிலம் விலை ஏறிவிட்டது. ஒழுங்கையையே வாங்க ஆள் இருக்கிறது. நானா ஒருநாள் நில அளவையாளரை அழைத்து வந்தார். சின்னும்மாவின் பங்கு எந்தப் பக்கம் வருகிறதென்று அவர் கேட்டார். நானா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குசினியைக் காட்டி, உம்மாவின் பங்கையும் அதோடு சேர்த்து ஒன்றாகவே அளக்கச் சொன்னார்.