பந்து வலையைத் தாண்டணும்!

“பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறேன்” என்று யாரிடமாவது சொன்னால், “அப்படியா!” என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே “அப்போ வீட்டிலே சமையல் யாரு?” என்று கேட்கிறார்கள். நான்தான்! காலையில் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். கோவைக்குப் பக்கத்தில், மில் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில், பெண்கள் பள்ளியில் 22 வருஷமாக டிரில் டீச்சர்.

வாலிபாலில் எத்தனையோ இருக்கிறது. வருகிற பந்தை வாங்குவது, லிஃப்ட் கொடுப்பது, எகிறி ஸ்மாஷ் அடிப்பது... ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, என் நேரத்தில் முக்கால்வாசி சர்வீஸ் ஒன்றுக்கே போய்விடுகிறது. மற்ற அடிகளுக்கெல்லாம் பந்து எங்கிருந்தோ வந்து நம்மை அவசரப்படுத்தும். பக்கத்தில் நிற்பவளும் உதவிக்கு ஓடி வருவாள். சர்வீஸ் மட்டும் தனி ஆளாக நின்று செய்கிற காரியம். நடுவர் விசில் ஊதியதும் 8 வினாடி அவகாசம். பந்து நம் கையில். யாரும் பிடுங்க வரமாட்டார்கள். எல்லார் கண்ணும் நம் மேலே! ‘முன்னாலே வந்து நிக்காதே, உள்ளே போ’ என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த 8 வினாடி எவ்வளவு நீளமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள். சுற்று முறையில் இடம் மாறி மாறி வருவதால், ‘எனக்கு வேண்டாம், அவளே போடட்டும்’ என்று நழுவவும் முடியாது.

“எனக்குக் கையிலே பலமே இல்லீங்க டீச்சர்!” முதல் நாள் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது இதைத்தான். எனக்குச் சிரிப்பு வரும். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த பிள்ளையல்லவா சொல்கிறது! நிறைகுடம் என்றால் பத்துக் கிலோவுக்குக் குறையாது. வாலிபாலின் எடையோ வெறும் 260 முதல் 280 கிராம். பலம் இருக்கிறது, வீசிப் பழக்கம்தான் இல்லை. அவள் அண்ணனின் தோள், மாங்காய்க்குக் கல் எறிந்தும் தெருவில் கிரிக்கெட் ஆடியும் பழகியது. இவள் தோள் தூக்கவும் துவைக்கவும் மட்டுமே பழகியது. அதனால் ‘பலமாக அடி’ என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை. சொன்னால் போச்சு! பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கிக் குத்துவார்கள். பந்து பின்னால் நிற்பவள் தலையில் விழும்.

கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் சர்வீஸ் போடவேண்டும். அங்கிருந்து வலை 9 மீட்டர் தூரம். முதல் வாரம் யாரையும் அங்கே நிற்க விடமாட்டேன். வலையிலிருந்து 3 மீட்டரில் ஒரு கோடு இருக்கிறதல்லவா, அங்கேதான் ஆரம்பம். பெரிய பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர், குட்டிகளுக்கு இறக்கிக் கட்டிவிடுவேன். பத்துக்கு ஏழு பந்து தாண்டினால் ஓர் எட்டு பின்னால் போகலாம். தாண்டவில்லையா, ஓர் எட்டு முன்னால் வா கண்ணு, இதிலே என்ன வெட்கம்? இப்படி ஒவ்வோர் எட்டாகப் போனால், கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது அவர்களுக்கே தெரியாது.

வலக்கைக்காரி என்றால் இடது கால் முன்னால். பந்து இடது உள்ளங்கையில், இடுப்புக்குக் கீழே, காப்பித் தட்டை நீட்டுவது போல இருக்கட்டும். வலது கை பின்னால் போய், ஊஞ்சல் மாதிரி முன்னால் வரவேண்டும். அது வந்து சேரும் நேரத்தில் இடக்கை பந்தை விட்டுவிட வேண்டும். கையில் வைத்தபடியே அடித்தால் தப்பாட்டம். அதற்காக உயரத் தூக்கிப் போடவும் வேண்டாம். சப்பாத்தி மாவை எந்த இடத்தால் அழுத்திப் பிசைகிறோம்? உள்ளங்கையின் அடிப்பாகத்தால்தானே? பந்தும் அங்கேதான் படவேண்டும். அடிக்கும்போது உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு வரவேண்டும். முன்பெல்லாம் இதற்கு அம்மியில் அரைப்பதை உதாரணம் சொல்வேன். இப்போது “அம்மின்னா என்னங்க டீச்சர்?” என்கிறார்கள். விட்டுவிட்டேன்.

எங்கே தப்பு என்று பந்தே சொல்லிவிடும். நேரே மேலே போனால், நேர் அடியில் அடித்திருக்கிறாள். சட்டென்று வலையில் போய் மோதினால், அடிப்பக்கம் படாமல் பின்பக்கம் பட்டிருக்கிறது. ஒரு பக்கமாக ஓடினால், கை நேராக வராமல் உடம்பின் குறுக்கே போயிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான் சொல்வேன். காலையும் கையையும் கண்ணையும் ஒரே மூச்சில் திருத்தினால், பாவம், நிற்பதற்கே மறந்துவிடும்!

ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின்தான் தலைக்கு மேலே போடுகிற சர்வீஸ். அதில் தூக்கிப் போடுவது சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அடிக்கவே விடாமல், பந்தைத் தூக்கிப் போட்டுத் தரையில் விழவிடச் சொல்வேன். முன்காலுக்குச் சற்று முன்னால், வலது தோளுக்கு நேராக விழவேண்டும். தினம் இருபது தடவை. “போரடிக்குதுங்க டீச்சர்” என்பார்கள். அடிக்கட்டும்! பிறகு மணிக்கட்டை விறைப்பாக வைத்து, சுழலாமல் அடிக்கக் கற்றுக்கொண்டால், பந்து காற்றில் ஆடி ஆடிப் போய் எதிர்க்கட்சியைத் திணற வைக்கும். எங்கள் காலத்தில் சர்வீஸ் பந்து வலையில் உரசினாலே தப்பு. இப்போது உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தாலும் ஆட்டம் தொடரும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

மழை நாளில் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துக் கதை சொல்வேன். ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலில் சேர்ந்தது 1964-இல், டோக்கியோவில். பெண்களில் தங்கம் வாங்கியது ஜப்பான். அந்த அணியில் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையில் வேலை செய்த பெண்கள். “எங்கம்மா மாதிரியா?” என்று ஒரு வாண்டு கேட்டது. “உங்கம்மா மாதிரியேதான்” என்றேன். அடுத்த வகுப்பில் அந்த வாண்டின் பந்து இரண்டு எட்டு கூடுதலாகப் போயிற்று. ஜப்பானுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பயமும் பழக்கமின்மையும் நாளாவட்டத்தில் போய்விடும். இரண்டும் இல்லாமலே பந்து விழுந்தால்தான் எனக்குக் கவலை.

2022 ஜூனில் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கால் சரி, கை சரி, பந்து படுகிற இடம் சரி. முதல் ஐந்து சர்வீஸ் அழகாகத் தாண்டும். ஆறாவது வலையில் மோதும். ஏழாவது அவள் காலடியிலேயே விழும். அப்புறம் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். “சோம்பேறி டீச்சர் அவ” என்றார்கள் மற்றவர்கள். கிட்டே கூப்பிட்டுக் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. நகமும் அப்படியே. “பச்சரிசி திங்கறியா கண்ணு?” என்றேன் மெல்ல. தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாள் அவள் அம்மாவே வந்தார். “பெரிய மனுஷி ஆயிட்டாளுங்க டீச்சர். பந்தடிச்சா ரொம்பக் களைச்சுப் போயிடறா. இவளை மட்டும் டிரில்லுக்கு விட்டுடுங்க.”

“விட்டுடறனுங்க. முதல்லே சுகாதார நிலையத்திலே ரத்தம் பாத்துட்டு வந்துடுங்க. காசு கேக்க மாட்டாங்க.”

“ஏனுங்க டீச்சர், இருக்கிற ரத்தத்தையும் எடுத்தா இன்னும் கொறைஞ்சிடாதுங்களா?”

“ஒரு ஸ்பூன்கூட எடுக்க மாட்டாங்கம்மா” என்றேன். முகம் கொடுக்காமல்தான் போனார். ஆனால் போய்ப் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதில் 12 கிராமாவது இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடித்திருக்கிறது. “எனக்கும் அப்படித்தானுங்க, எங்க வகையே அப்படி” என்று அம்மா அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருந்தாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும் சகோதரிகளே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். என் வகுப்பில் அறுபது பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் பூச்சி மாத்திரையும், தினமும் சாப்பிட இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். பத்தே நாளில், “வெளிக்குக் கறுப்பாப் போவுதுங்க” என்று பயந்து அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். கறுப்பாகப் போவது இரும்புச்சத்து மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸம்மா எடுத்துச் சொன்ன பிறகு மறுபடி ஆரம்பித்தார். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையும் பயறும் வேண்டியதுதான். ஆனால் 8.4-க்குக் கீரை மட்டும் போதாது. அம்மாவுக்கும் சோதித்துப் பார்த்தார்கள், அவருக்கு 9. மாத்திரை இருவருக்கும் என்றாயிற்று.

அந்த மூன்று மாதமும் அவளை வகுப்பைவிட்டு அனுப்பவில்லை. ஓடவேண்டாம், பாயிண்ட் எழுது என்றேன். கடைசியில் 3 மீட்டர் கோட்டிலிருந்து ஐந்தே ஐந்து சர்வீஸ், ஆறாவது கிடையாது. டாக்டர் சரி என்றதும் பத்தாக்கினேன். டிசம்பரில் கடைசிக் கோட்டிலிருந்து போட்டாள். பள்ளி டீமில் சேரவில்லை, அவளுக்கு அந்த ஆசையும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஒரு பழைய பந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சுவரில் வலை உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, அவ்வளவுதான் வேண்டும். விடுமுறை முடிந்து அம்மா பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “பக்கத்து ஊட்டுக்காரங்க சத்தம் தாங்கலைன்னு சண்டைக்கு வந்துட்டாங்க டீச்சர்” என்றார். கொஞ்சம் தயங்கி, “நானும் நாலு அடிச்சுப் பாத்தனுங்க. ரெண்டுதான் கோட்டைத் தாண்டுச்சு” என்றார்.

“எவ்வளவு தூரத்திலே நின்னீங்க?” என்று கேட்டேன்.