எங்கள் அளவுக்கு ஒரு பிலிம்

"செல்போன்லயே நல்லா வருதே, எதுக்கு இந்தப் பொட்டியைத் தூக்கிக்கினு அலையறீங்க?" ஆம்பூரில் எங்கள் காலனித் தம்பிகள் இதைக் கேட்காத நாளில்லை. அவர்களுக்கும், கல்லூரிகளிலிருந்து இதையே கேட்கும் தோழர்களுக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

பொட்டி என்பது ஒரு மரக் கேமரா. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் சாமான்களோடு பழைய இரும்புக் கடைக்கு வந்ததை நாங்கள் நான்கு பேர் காசு போட்டு வாங்கினோம். லென்ஸ் நன்றாக இருந்தது. துருத்தியில் இரண்டு ஓட்டை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தோழர் ஒருவர் மெல்லிய தோலை வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

தோல் கம்பெனிகளில் முப்பது, நாற்பது வருடம் உழைத்து ஓய்ந்துபோன நம் பெரியவர்களை இதில் படமெடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆசைக்குக் காரணம் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மனிதர்களை நிற்கவைத்து மூக்கை அளந்தார், படம் எடுத்தார். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் இருப்பது சாதிப் பெயர்தான். ஆளின் பெயர் இல்லை. அதன் பிறகும் நம் ஆயாக்களுக்குக் கிடைத்த படம் ரேஷன் கார்டுக்கும் பி.எஃப். பாரத்துக்கும் எடுத்ததுதான். கேமராவுக்கு முன்னால் அவர்கள் தங்களுக்காக உட்கார்ந்ததே இல்லை. அவசரமில்லாமல் உட்காரவைத்து, பேசி, ஒரே ஒரு படம் எடுக்க இந்தப் பொட்டி தோதானது. பெரிதாக்கும் கருவியும் வேண்டாம். நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து ஒளி காட்டினால் கையில் பிடித்துப் பார்க்கும் அளவிலேயே படம் வரும்.

சிக்கல் பிலிமில் வந்தது. இது அரை பிளேட் கேமரா. நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். கண்ணாடித் தகட்டுக் காலத்து அளவு. இன்று உலகம் முழுக்கத் தாள் பிலிம் என்றால் 4×5 அல்லது 8×10 அங்குலம். சென்னையில் ஏறி இறங்கிய கடைகளில் எங்கள் அளவைச் சொன்னதும் சிரித்தார்கள். நம் மாநிலத்திலேயே ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் பிலிமும் புரோமைடு தாளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. இப்போது அது இல்லை. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் வருடத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட அபூர்வ அளவுகளுக்கு ஆர்டர் எடுத்து வெட்டித் தருகிறது. விலை, தபால் செலவு, சுங்க வரி மூன்றையும் கூட்டிப் பார்த்தோம். எங்களில் ஒருவருடைய மாதச் சம்பளம் அதிலேயே போய்விடும்.

வழி வேலூரிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிகளின் ஊர் அல்லவா! எக்ஸ்ரே பிலிம் விற்கும் கடையில் அளவுகளைக் கேட்டோம். 8×10, 10×12, 12×15 என்று சொல்லிக்கொண்டே வந்தவர் "ஆறரைக்கு எட்டரையும் இருக்கு" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறரைப் பக்கத்தை அப்படியே விட்டு, எட்டரையில் நாலே முக்காலை ஒரே வெட்டாக வெட்டினால் அரை பிளேட்! மிஞ்சும் துண்டு சோதனைக்கு ஆகும்.

முயல்பவர்களுக்குச் சில குறிப்புகள். கேட்கும்போது கழுவும் பிலிம் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் எக்ஸ்ரேயின் டிரை பிலிம் கேமராவுக்கு உதவாது. இந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம், கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருக்கும், எளிதில் கீறும். தட்டின் அடியில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்லைடு கண்ணாடித் தகட்டுக்குச் செய்தது, பிலிம் மெல்லியது. பின்னால் அட்டை வைத்து முன்னுக்குத் தள்ளாவிட்டால் படம் மங்கும்.

முதலில் உட்கார்ந்தவர் எங்கள் தெரு ஆயா. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப்போடும் வேலையில் இருந்தவர். படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னாடா, இவ்ளோ கறுப்பா கீறேன்?"

குற்றம் எங்களுடையது. சிவப்பு தெரியாத பிலிமுக்கு நம் பழுப்புத் தோல் இன்னும் கறுத்துத் தெரியும். நாங்கள் வெயில் கணக்குப் போட்டோமே தவிர, முகத்துக்குக் கணக்குப் போடவில்லை. அந்தக் கால ஸ்டூடியோவாக இருந்தால் நெகட்டிவில் பென்சில் தேய்த்து முகத்தை வெளுப்பாக்கித் தந்திருப்பார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. மறுநாள் திண்ணை நிழலில் உட்காரவைத்து இரண்டு மடங்கு நேரம் ஒளி கொடுத்தோம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனால் கன்னத்துச் சுருக்கமும் கண்ணின் ஈரமும் வந்தன.

அன்று ஈரப் பிலிமை விரலால் தடவிப் பார்த்த ஆயா, "சுண்ணாம்புல ஊறின தோலு மாதிரி வழுவழுன்னு கீதே" என்றார். அவர் சொன்னது வெறும் உவமை அல்ல. பிலிமில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் காட்டிய வழி அது. ஜெலட்டினோ மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. தச்சர் பூசும் வச்சிரத்துக்கு உடன்பிறப்பு. புரோமைடு தாளிலும் அதுவே. மாட்டுத் தோலைத் தொட்டதற்காக நம்மைத் தீட்டு என்ற ஊர், அந்தப் பசையில் பதிந்த தாத்தா படத்தை நூறு வருடமாகப் பூஜை அறையில் மாட்டிப் பொட்டு வைத்திருக்கிறது. ஆயாவிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தோழர்களே, கேமரா கிடைத்தால் அளவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் எக்ஸ்ரே கடையில் கேளுங்கள். எடுத்த படத்தின் பின்னால் சாதியை எழுதாதீர்கள். பெயரை எழுதுங்கள், முடிந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஆயா எழுதினார். அவருக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்: கம்பெனியில் சம்பளம் வாங்குவதற்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து.