பகடிப் பந்தியில் ஓர் இலை

சிரஞ்சீவி ஹரிக்கு, கல்பாத்தியிலிருந்து பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதங்கள்.

பாலக்காட்டு ஐயர்கள் தமிழரா மலையாளியா, சினிமா அவர்களைக் காட்டும் விதம் கேலியா பெருமையா என்று கிளாஸ்கோவிலிருந்து ஹரி எழுதிய கடிதம் கேட்கிறது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற சமையற்காரர் காமேஸ்வரனும், 'நள தமயந்தி'யில் (2003) மாதவன் ஏற்று ஆஸ்திரேலியாவுக்குப் போகும் ராம்ஜியுமே இச்சமூகத்தின் முகமாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிவது வருத்தத்துக்குரியது. ஏனெனில் இந்தப் பகடி சினிமாவைவிட மிகப் பழையது.

லக்கிடியை அடுத்த கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த மலையாளக் கவிஞர் குஞ்சன் நம்பியார், 18ஆம் நூற்றாண்டில், ஒருவரே பாடி ஆடிக் கதை சொல்லும் துள்ளல் கலையை வளர்த்தார். புராணக் கதைக்குள் தம் காலத்துக் கேரளத்தை நுழைத்து, நாயரையும் நம்பூதிரியையும், தமிழகத்திலிருந்து வந்த பிராமணராகிய பட்டரையும், குறிப்பாகச் சத்திரச் சாப்பாட்டில் பட்டருக்கிருந்த ஆசையையும், மிகைப்படுத்திச் சிரிக்க வைத்தார். அந்தப் பகடிப் பந்தியில் பட்டருக்கும் ஓர் இலை போடப்பட்டது என்பதே பட்டர் இம்மண்ணுக்கு உரியவராகிவிட்டதற்குச் சான்று.

சமையற்காரர் உருவத்துக்கும் காரணம் உண்டு. நெல் குத்தகையை நம்பியிருந்த அக்ரஹாரங்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனவர்களில் பலர் கரண்டியையே பிடித்தனர். 1970 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் ஊரை விட்டுப் போனவர்கள் இன்னும் பெருகினர். பாட்டி அம்மியில் தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் அரைத்து, வெந்த பாசிப்பருப்பும் பூசணியும் சேர்த்து, புளியே இல்லாமல் செய்யும் மொளகூட்டலின் மணம் தெருமுனைவரை வரும். அந்தக் கைப்பக்குவம்தான் ஊரை விட்டுப் போனவர்களுக்குச் சோறு போட்டது.

பேச்சையே சினிமா அதிகம் மிகைப்படுத்துகிறது. பாலக்காட்டார் சொல்வதைப் 'பறையறது' என்று குறிப்பதைக் கேட்டு மலையாளக் கலப்பு என்று சிரிக்கிறார்கள். 'பறைதல்' பழந்தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்தாரும் 'பறையிறது' என்பார்கள். சென்னை மறந்த சொல்லைப் பாலக்காடு காப்பாற்றி வைத்தது என்பதே உண்மை. ஆகவே இவர்கள் தமிழரே, மலையாள மண்ணில் வேரூன்றிய தமிழர்.

ஓர் அடையாளம் மேடையில் மிகைப்படுத்தப்பட்டுக் கேலியாவது ஹரி இருக்கும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, மலைநாட்டுக் கட்டம்போட்ட பாவாடையாகிய கில்ட்டை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எல்லோருக்கும் பொது உடையாக்கிக் காட்டினார். பின்னர் மேடைக் கலைஞர் ஹாரி லாடர் அதே உடையும் வளைந்த கைத்தடியுமாக மேடையேறிக் கஞ்ச ஸ்காட்லாந்தியராக நடித்து உலகைச் சிரிக்க வைத்து, 1919இல் 'சர்' பட்டமும் பெற்றார். கில்ட்டைப் பெட்டியில் மடித்து வைத்து வேண்டும்போது எடுத்து உடுத்தலாம். பேச்சை அப்படி மடித்து வைக்க இயலாது. வீட்டில் பேசாத மொழி பிறகு சினிமாவில் மட்டுமே மிஞ்சும்.

மூன்று ஆண்டுகளாகக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு ஹரி வரவில்லை. இந்த ஐப்பசியிலாவது வரட்டும். வரும்வரை, தொலைபேசியில் பெரியப்பாவிடம் ஆங்கிலத்தை விட்டு வீட்டுப் பேச்சில் பறையட்டும்.