படியூர்க் கல்லுக்குழி

காங்கயம் முன்சீப் கோர்ட்டில் நான் நடத்தியவற்றில் பெரும்பாலானவை வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, வரப்புத் தகராறுதான். படியூர் வழக்கு வேறு ரகம். குடோன் கட்டுவதற்காகப் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிய மேட்டாங்காட்டில் பழைய குழி ஒன்று இருந்தது. விற்ற பெரியவர், "காட்டைத்தான் வித்தேன், கல்லுக்குழியை விக்கலீங்க" என்று தடையுத்தரவு கேட்டு வந்துவிட்டார். நான் கம்பெனிக்காரருக்கு ஆஜர்.

பெரியவரின் ஆசைக்குக் காரணம் உண்டு. பெரில் இனத்து நீலப்பச்சைக் கல்லுக்குப் படியூர் பேர்போனது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஹீத், 1819-20இல் இங்கே சுரங்கம் வைத்து 2196 கற்கள் எடுத்தார். மதிப்பு சுமார் 1200 பவுண்டு. பிறகு அது கைவிடப்பட்டது. வாதியின் குழி அதுதான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் தாக்கலாகவில்லை.

கோர்ட் நியமித்த கமிஷனரோடு போய்ப் பார்த்தோம். குழிக்குள் பாதி உயரம் சாயம்போன கட்டிங் வேஸ்ட். அதற்கு மேலே, பாறையில் வெள்ளைப் பட்டையாகப் படிகக்கல் ஓடியது. பெரியவர் மடியிலிருந்து சுண்டுவிரல் நகமளவு கல்லை எடுத்தார். ஆறு பட்டை, தண்ணீர் நிறம். "எங்கப்பாரு எடுத்ததுங்க." கமிஷனர் அறிக்கையில் 'ஒரு கல்' என்று மட்டும் எழுதினார்.

கிரயப் பத்திரத்தில் வழக்கமான வாசகம் இருந்தது: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் உட்பட சகல பாத்தியங்களும். பாஷாணம் என்றால் கல். யாரும் படிக்காத அந்த வரிதான் எனக்குக் கைகொடுத்தது. சட்டம் வேறாகப் பறிக்காதவரை அடிநிலக் கனிமமும் நில உடைமையாளருக்கே என்ற 2013ஆம் ஆண்டுத் தெரசியம்மா ஜேக்கப் தீர்ப்பையும் காட்டினேன். கல்லும் கைமாறிவிட்டது என்று வழக்கு தள்ளுபடியானது.

ஹீத்தும் எழுத்தில் தோற்றவர்தான். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய அவர், உருக்கில் மாங்கனீசு கார்பைடு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஏஜென்ட் அன்வினோ மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் தனித்தனியாக மூசையில் போட்டார். இரண்டும் உள்ளே சேர்ந்து அதே பொருளாயின. மீறலில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1855இல். ஹீத் 1851லேயே இறந்துவிட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் உடன்பாடில்லை.

ஜெயித்த கட்சிக்காரருக்குப் புது யோசனை: "அப்ப நாமளே தோண்டலாமுங்களா?" குத்தகை இல்லாமல் வெட்டினால் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி குற்றம் என்றேன். மறுவாரமே குடோனுக்குக் கடைக்கால் எடுத்தார்.