தன் கையே தனக்குதவி

ஒரு பொருளை வாங்குவதற்குக் காசு போதும். அதைப் பேணிக் காப்பதற்கோ கண்ணும் காதும் கையும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இவ்வுண்மையை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டதுண்டு. எனினும், ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் அதை நமக்குப் பாடமாக நடத்தியது.

நம் வாப்பா 1981-ஆம் ஆண்டில் வாங்கிய 350 சி.சி. புல்லட் அது. புல்லட் என்னும் பெயர் 1932-இல் இங்கிலாந்தில் பிறந்ததாயினும், அவ்வண்டி நம் மண்ணுக்கு அயலானதன்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்து ஆலை மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. அவ்வண்டியில்தான் வாப்பா ஊர் ஊராகச் சென்று ஜவுளிக் கணக்கை வசூலித்தார். நம்மையும் நம் தங்கையையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுவே.

அவ்வண்டியின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர்தாம் இருந்தார். அந்த முதிய மெக்கானிக் மறைந்த பின்னர் வண்டிக்கு நோய் கண்டது. உதைத்தால் எளிதில் கிளம்பாது. கிளம்பினால் ‘டக் டக்’ என்று உள்ளே ஏதோ தட்டும். நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். எஞ்சினையே பிரித்தாக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துத் திரும்பினோம்.

“இனி எதற்குத் தம்பி இது? பழைய இரும்புக்குப் போட்டு விடு” என்றார் வாப்பா. சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் இளமையை எடைக்குப் போடச் சம்மதிக்கும் ஒரு மனிதரின் குரல் அது. அதைக் கேட்டபின் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டை உம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூன்று இரவுகள் அதைப் படித்தோம். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சில ஸ்பேனர்கள், ஒரு ஃபீலர் கேஜ், உப்புத்தாள், பழந்துணி ஆகியவற்றுடன் முற்றத்தில் அமர்ந்தோம். எண்பதைக் கடந்த வாப்பா அருகில் நாற்காலி போடச் சொன்னார். “சூடு இருக்கும்போது தொடாதே, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்” என்பது அவருடைய முதற்பாடம்.

முதலில் பிளக்கைக் கழற்றினோம். கரி படிந்து கறுத்திருந்தது; துடைத்துத் தூய்மை செய்தோம். அடுத்து, சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் பாயிண்டின் மூடியைத் திறந்தோம். அங்கே இரண்டு சிறு உலோக முனைகள் சேர்ந்து பிரிகின்றன. பிரியும் நொடியில்தான் பிளக்கில் பொறி பிறக்கிறது. நாள்பட நாள்பட அம்முனைகள் கரிந்து குழி விழும், இடைவெளியும் மாறிவிடும். முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லி மீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளியில், ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வண்டி கிளம்ப மறுத்ததன் காரணம் விளங்கிற்று. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைத் திருத்தி இறுக்கினோம்.

எஞ்சிய வேலை டேப்பட். சிலிண்டரின் அடியில் ஒரே நட்டு தாங்கி நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால், வால்வுகளை இயக்கும் இரு தண்டுகள் தெரிகின்றன. பிளக் துளையில் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுழற்றினோம். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ள, பிஸ்டன் உச்சிக்கு வந்தது. அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். தண்டுகள் விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒரு தண்டு நன்றாகவே ஆடியது. தட்டும் ஒலியின் பிறப்பிடம் அதுதான்! திருகைச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்கி, மீண்டும் உருட்டிப் பார்த்தோம். “நான் பார்க்கிறேன்” என்று நடுங்கும் கையை நீட்டினார் வாப்பா. இரு விரல்களால் தண்டை உருட்டினார். “இதுதான் கணக்கு” என்றார்.

எல்லாவற்றையும் பூட்டினோம். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, பின்னர் உதைத்தோம். இரண்டாம் உதையில் எஞ்சின் பேசியது. வாப்பா கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் அந்த ஒலியைக் கேட்டார். இரும்புக் கடைப் பேச்சு அதன்பின் நம் வீட்டில் எழவில்லை.

செலவு மிச்சமானது உண்மைதான். ஆயினும் அதைவிடப் பெரிய வரவு ஒன்றுண்டு. நான்கு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த நம் முதுகு, அந்த மெக்கானிக் ஒரு வாழ்நாள் முழுதும் குனிந்திருந்ததை நமக்கு எண்ணிக் காட்டியது. நட்டை எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதை அவருடைய மணிக்கட்டு அறிந்திருந்தது. எந்த ஏட்டிலும் அது எழுதப்படவில்லை. கைத்தொழில் அறிந்த ஒருவர் மறையும்போது ஊர் எதை இழக்கிறது என்பது, அவர் செய்த வேலையை நாமே செய்து பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அன்பர்களே! எல்லாப் பழுதையும் நாமே நீக்கிவிட முடியாது. பிரேக் போன்ற உயிர்காக்கும் பாகங்களைப் பழகிய கையிடம் ஒப்படைப்பதே முறை. எஞ்சினை மூடிய அறையில் ஓடவிடலாகாது. அதன் புகை உயிருக்கு உலை வைக்கும். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவதும் தகாது. இவற்றை மனத்திற்கொண்டு, சிறு வேலைகளையேனும் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நம் மகள் இப்போது ஃபீலர் கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பாட்டனார் அவளுக்குக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்.